காசு கட்டினால் இஸ்ராஃப் ஆகாதா?



இஷாத் தொழுகைக்குப் பின் திரேஸ்புரத்தின் கடலோரத் தெருக்களில் நடந்து பாருங்கள். புதிதாக எழுந்துள்ள அடுக்குமாடிகளின் மூலைகளில் ஃபோகஸ் விளக்குகள் நிற்கின்றன. அவை தரையைப் பார்ப்பதில்லை. எதிர்வீட்டுச் சன்னலையும் வானத்தையும் பார்க்கின்றன. மதில்மேல் அலங்கார விளக்குகள் வேறு. ஃபஜ்ருக்குச் செல்லும்போதும் எரிகின்றன. சில நாட்களில் லுஹர் பாங்கு வரையிலும் அணைவதில்லை. கேட்டால், "காசு நாங்கள்தானே கட்டுகிறோம், ஹஜ்ரத்?" என்கின்றனர்.

இந்த வாதத்தைத்தான் நான் மறுக்கிறேன். பிறர் பணத்தை வீணாக்கினால் அதன் பெயர் மோசடி. தன் பணத்தையும் தன் பொருளையும் வீணாக்குவதே இஸ்ராஃப். ஸூரா அஃராஃபின் 31ஆம் வசனம் உண்ணவும் பருகவும் அனுமதித்துவிட்டு, அதே மூச்சில் விரயத்தைத் தடுக்கிறது. அங்கே பேசப்படுவது திருடிய உணவன்று, ஹலாலான உணவு. ஸூரா பனீ இஸ்ராயீலின் 27ஆம் வசனமோ விரயம் செய்வோரை ஷைத்தான்களின் சகோதரர்கள் என்றே சொல்கிறது.

உறங்குமுன் விளக்கை அணைக்கச் சொல்லும் ஹதீஸை இங்கே சிலர் காட்டுவர். அதன் காரணம் எலி திரியை இழுத்து வீட்டைக் கொளுத்திவிடும் என்பது; மின்விளக்குக்கு அதை அப்படியே பொருத்துவது சரியன்று. எனக்கு அதைவிட வலுவாகத் தோன்றுவது, நபி (ஸல்) அவர்கள் ஒரு முத், அதாவது இரு கைகளும் சேர்ந்து கொள்ளும் அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்ற செய்தி. இபாதத்திலேயே அந்த அளவு பேணப்பட்டதென்றால், மதில் அலங்காரத்துக்கு அளவு வேண்டாமா?

"எல்.இ.டி. தானே, என்ன செலவாகிவிடும்?" என்பது அடுத்த வாதம். கணக்குப் பார்ப்போம். 100 வாட் விளக்குகள் நான்கு, இரவில் 12 மணி நேரம் எரிந்தால் 4.8 யூனிட். இரண்டு மாதத்தில் 288 யூனிட். ஒரு வீட்டுக்கு அரசு இரு மாதத்துக்கு இலவசமாகத் தருவதாக 2016இல் அறிவித்தது 100 யூனிட். ஏறத்தாழ மூன்று குடும்பங்களின் பங்கை யாரும் நடமாடாத ஒரு முற்றம் தின்றுவிடுகிறது!

2022இல் அடுக்குமாடிகளின் பொது இணைப்புக்கு யூனிட் 8 ரூபாய் என்றானபோது எத்தனை கூச்சல்! 2023 அக்டோபரில் லிஃப்ட் இல்லாத சிறு குடியிருப்புகளுக்கு 5 ரூபாய் 50 காசாகக் குறைக்கும்வரை கட்டணத்தைப் பற்றியே பேசினோம். விளக்குகளை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

மின்சாரம் எங்கிருந்து வருகிறதென்று மற்ற ஊரார் கேட்கலாம், நாம் கேட்கலாகாது. துறைமுகத்தை அடுத்து, 210 மெகாவாட் அலகுகள் ஐந்தாக எழுப்பப்பட்ட அனல் மின் நிலையம் நம் ஊரில்தான் இருக்கிறது. 1979 முதல் கப்பலில் வந்த நிலக்கரி அங்கே எரிந்து, அதன் சாம்பல் இங்கேயே குவிந்திருக்கிறது. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ கரி. வல்லத்தில் செல்லும் மீனவரும் சங்குகுளிப்பவரும் அந்தக் கடலை நம்பியே வாழ்கின்றனர்.

அந்தச் சங்குகுளிப்பவர் விடியுமுன் எழ வேண்டியவர். அவர் படுக்கையறைச் சுவரில் உங்கள் விளக்கு இரவு முழுதும் விழுகிறது. இரவை ஆடையாக ஆக்கியதாக அல்லாஹ் ஸூரா நபஃவில் கூறுகிறான். அந்த ஆடையை அண்டை வீட்டானிடமிருந்து உரியும் உரிமை எந்தக் கட்டண ரசீதில் எழுதப்பட்டிருக்கிறது?

பாதுகாப்பு என்பது நியாயமான காரணமே. மாடிப்படிக்கும், பெண்கள் தராவீஹுக்கு வந்து போகும் சந்துக்கும் வெளிச்சம் வேண்டும். அதைக் குறைக்கச் சொல்பவன் நானல்லன். ஆனால் அதற்கு மூடியிட்டுத் தரையை நோக்கித் திருப்பிய சிறு விளக்கே போதும். கண்ணைக் கூசச் செய்யும் வெளிச்சத்தின் பின்னே இருளில் நிற்பவன் யார் என்று எவருக்கும் தெரியாது.

பள்ளிவாசல்களையும் விட்டுவிட முடியாது. ரமளானில் மினாராவுக்குச் சுற்றும் சீரியல் விளக்குகள் ஷவ்வால் பாதி வரை எரிவதை ஜமாஅத் நிர்வாகிகள் காணாதவர்களா? அது வக்ஃபுப் பணம். அங்கே "காசு நாங்கள்தானே" என்றும் சொல்ல முடியாது.

மாலையில் ஸ்விட்ச் போட வாட்ச்மேன் இருக்கிறார், அணைக்கத்தான் ஆளில்லை. அடுத்த குடியிருப்போர் கூட்டத்தில் பெயின்ட் செலவைப் பேசி முடித்ததும் இதையும் கேளுங்கள்: எந்த விளக்கு எத்தனை மணிக்கு அணைய வேண்டும், அணைக்கும் பொறுப்பு யாருக்கு, டைமர் வாங்கித் தரப்போவது யார்?