"சூப்பர்" என்று சொல்லி ஏமாற்றாதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் வாரத்திலேயே திறக்கப்படும் புரோகிராம்களில் ஒன்று பெயிண்ட். இரண்டு மலை, நடுவில் சூரியன், பக்கத்தில் ஒரு குடிசை, ஒரு தென்னை மரம். பைலுக்கு ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்துவிட்டு, வீட்டில் உள்ள எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவோம். எல்லாரும் "சூப்பர்" என்பார்கள். பெரும்பாலான வீடுகளில் ஓவியப் பயிற்சி அத்துடன் முடிந்து விடுகிறது.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் முடிய இருந்தது. ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒரு நாள் யானை வரைந்து கொண்டு வந்து காட்டினாள். நான் மெயில் ஒன்றை டைப் செய்து கொண்டிருந்தேன். மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலேயே "சூப்பர்மா" என்றேன். அவள் நகரவில்லை. "அப்பா, யானைக்கு மூணு கால்தான் போட்டிருக்கேன். நீங்க பார்க்கிறீங்களான்னு பார்த்தேன்" என்றாள். அதற்குப் பிறகு பல வாரங்கள் அவள் எந்தப் படத்தையும் என்னிடம் காட்டவில்லை.

வரையப் பழகுகிறவர்களுக்கு விலை உயர்ந்த சாப்ட்வேர் தேவையில்லை. தினமும் செய்யச் சிறிய பயிற்சியும், வரைந்ததை உண்மையிலேயே பார்த்துச் சொல்ல ஒருவரும் இருந்தால் போதும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் எந்தக் கருவியும் உதவாது. இது என் அனுபவத்தில் கண்ட முடிவு.

கருவி வாங்கினால் கை வருமா?

மகளைச் சமாதானப்படுத்த நான் செய்த முதல் காரியம், பென் டேப்லெட் ஒன்று வாங்கியது. மவுஸை விட இதில் வரைவது எளிது என்பது உண்மைதான். ஆனால் முதல் நாளே ஒரு சிக்கல். அவள் வட்டம் வரைந்தால் திரையில் முட்டை வந்தது. "எனக்கு வட்டம்கூட வரலை" என்று பேனாவை வைத்துவிட்டாள். பிறகுதான் தெரிந்தது, குறை அவள் கையில் இல்லை. டேப்லெட்டின் நீள அகல விகிதமும் மானிட்டரின் விகிதமும் வேறு வேறாக இருந்தால் இப்படித்தான் படம் இழுபடும். டேப்லெட்டுடன் வரும் டிரைவர் செட்டிங்கில் விகிதத்தைக் காக்கும் வசதி இருக்கும். அதை டிக் செய்திட்டால் சரியாகிவிடும். புதிதாக டேப்லெட் வாங்குபவர்கள் இதை முதலில் கவனிக்கவும்.

அடுத்த சிக்கல் கண்ட்ரோல் + இசட். ஒரு கோடு போடுவது, பிடிக்கவில்லை என்றால் அழிப்பது, மறுபடி போடுவது. முப்பது முறை அழித்து, முப்பத்தோராவது முறை தற்செயலாக வந்த நல்ல கோட்டை வைத்துக் கொள்வது. பார்க்கப் படம் நன்றாக இருக்கும். ஆனால் முந்தைய முப்பது கோடுகள் ஏன் கோணின என்பது தெரியாமலே போய்விடும். அடுத்த படத்தில் மறுபடி முப்பது முறை. டேப்லெட் இரண்டே மாதத்தில் பீரோவுக்குள் போய்விட்டது.

ஆகவே புதியவர்களுக்கு என் யோசனை: முதல் மூன்று மாதங்கள் பென்சிலும் பேப்பரும் போதும். தப்புகள் பேப்பரில் அப்படியே நிற்கட்டும். கம்ப்யூட்டரை வரைவதற்குப் பதிலாகச் சரிபார்ப்பதற்குப் பயன்படுத்துங்கள்.

கோல நோட்டு சொல்லும் பாடம்

என் அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் இந்த விஷயத்தை எனக்குப் புரிய வைத்தவர் அவர்தான். அவரிடம் ஒரு பழைய கோல நோட்டு உண்டு. முதலில் நோட்டில் போட்டுப் பார்ப்பார். மறுநாள் காலையில் வாசலில் போடுவார். தினமும் பயிற்சி, தினமும் புதிய இடம். முதலில் புள்ளி, பிறகுதான் கோடு. போட்டு முடித்ததும் எதிர்வீட்டு அக்கா வந்து நின்று, "மூணாவது வரிசையில ஒரு புள்ளி குறையுது பாரு" என்பார். அவர் "சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போகவும் மாட்டார். "உனக்குக் கோலமே வராது" என்றும் சொல்ல மாட்டார். எந்த வரிசை, எந்தப் புள்ளி என்று சொல்வார். கருத்துச் சொல்வது என்றால் இதுதான்.

எனக்குக் கிடைத்தது வேறு. ஆறாம் வகுப்பில் நான் வரைந்த குதிரையைத் தூக்கிக் காட்டி, "இது குதிரையா, கழுதையா?" என்று ஒரு ஆசிரியர் கேட்டார். வகுப்பே சிரித்தது. எங்கே தப்பு என்று அவர் சொல்லவில்லை. அதன் பிறகு முப்பத்தைந்து ஆண்டுகள் நான் எதையும் வரையவில்லை. அவரும் நானும் செய்தது ஒரே தப்புதான் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு பேருமே படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

நாங்கள் செய்த பயிற்சிகள்

"நானும் உன்கூட வரையக் கத்துக்கறேன்" என்று மகளிடம் சொன்னேன். தினமும் இருபது நிமிடம் என்று முடிவு செய்தோம்.

முதல் பயிற்சி, கோடு. பேப்பரில் தள்ளித் தள்ளி இரண்டு புள்ளி வைத்து, அவற்றை ஒரே இழுப்பில் இணைக்க வேண்டும். நீளக் கோட்டுக்கு மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை அசைத்தால் கோடு வளையாமல் வரும். பென்சிலைப் பேப்பரில் படாமல் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போட்டால் இன்னும் நல்லது.

இரண்டாவது, டம்ளர். டம்ளரின் வாய் வட்டம்தான். ஆனால் நம் கண்ணுக்கு அது வட்டமாகத் தெரிவதில்லை. கண் மட்டத்தில் பிடித்தால் வெறும் கோடு. கீழே இறக்க இறக்க நீள்வட்டமாக விரியும். ஒரே டம்ளரை மூன்று உயரங்களில் வைத்து வரைந்து பாருங்கள்.

மூன்றாவது, தலைகீழ்ப் பயிற்சி. பெட்டி எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியை 1979-ல் வெளியிட்ட புத்தகத்தால் இது புகழ் பெற்றது. ஒரு கோட்டோவியத்தைத் தலைகீழாக வைத்து, அப்படியே பார்த்து வரைய வேண்டும். நேராக இருந்தால் "இது மூக்கு" என்று மனம் தனக்குத் தெரிந்த மூக்கைப் போட்டுவிடும். தலைகீழாக இருந்தால் எதிரே உள்ள கோட்டை மட்டும் பார்த்தாக வேண்டும். இங்கே கம்ப்யூட்டர் உதவும். பெயிண்ட் புரோகிராமில் படத்தைத் திறந்து, ரொட்டேட் மூலம் 180 டிகிரி திருப்பினால் போதும்.

கறாரான வாத்தியார்

இனி சரிபார்ப்பு. வரைந்ததை செல்போனில் போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். போனைப் பேப்பருக்கு நேராகப் பிடிக்கவும். சாய்த்துப் பிடித்தால் படம் கோணி, இல்லாத தப்பு தெரியும். பெயிண்ட்டில் திறந்து, பிளிப் ஹாரிஸான்டல் கட்டளையைக் கொடுங்கள். படம் கண்ணாடியில் தெரிவது போல் இடம் வலமாக மாறும். இத்தனை நேரம் பார்த்துப் பழகியதால் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த கோணல் சட்டென்று தெரியும். கிரிட்டா என்ற இலவச ஓவிய சாப்ட்வேரில் எம் கீயை அழுத்தினாலே இது நடந்துவிடும்.

இன்னொரு வழி, வரைந்த பொருளின் போட்டோவின் மேல் உங்கள் படத்தை வைத்துப் பார்ப்பது. ஜிம்ப் என்ற இலவச சாப்ட்வேரில் போட்டோவைத் திறந்து, பிறகு பைல் மெனுவில் ஓபன் ஆஸ் லேயர்ஸ் கட்டளை மூலம் உங்கள் படத்தைக் கொண்டு வாருங்கள். லேயரின் ஓபாசிட்டியை 50 ஆகக் குறைத்தால் இரண்டும் சேர்ந்து தெரியும். அளவைச் சரிசெய்து பொருத்திப் பாருங்கள். பொருளை மிக அருகில் நின்று போட்டோ எடுக்க வேண்டாம். பக்கத்தில் இருக்கும் பகுதி அளவுக்கு மீறிப் பெரிதாகிவிடும்.

மகள் என் முகத்தை வரைந்து, இப்படிப் பொருத்திப் பார்த்தாள். மனிதத் தலையின் உயரத்தில் கண்கள் ஏறக்குறைய நடுவில் இருக்கின்றன. புதியவர்கள் எல்லாரும் கண்ணை மேலே போட்டுவிடுவோம். "அப்பா, உங்களுக்கு நெத்தியே இல்லாம போட்டுட்டேன்" என்றாள். முடிதான் இல்லை என்று நினைத்துக் கொண்டிருந்தேன்!

சொல்லவும் ஒரு முறை உண்டு

கம்ப்யூட்டர் தப்பைக் காட்டும். ஆனால் பத்துத் தப்புகளில் இன்று எதைத் திருத்துவது என்று சொல்ல மனிதர் வேண்டும். ஓவியராக இருக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் வீட்டில் வைத்துக் கொண்ட விதிகள் இவை. ஒரு நிமிடமாவது படத்தைப் பார்த்த பிறகே பேச வேண்டும். சரியாக வந்த ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். திருத்த வேண்டியதிலும் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அடுத்த வீட்டுப் பிள்ளையுடன் ஒப்பிடக் கூடாது. பென்சிலைப் பிடுங்கி அவள் படத்தின் மேலேயே நாம் வரைந்து காட்டக் கூடாது.

கேட்பவருக்கும் ஒரு விதி உண்டு. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "டம்ளர் மேஜை மேல நிக்கிற மாதிரி இருக்கா, மிதக்கிற மாதிரி இருக்கா?" என்று கேளுங்கள். பதிலில் விஷயம் இருக்கும்.

இப்போது ஒரு வரி டைப் செய்தால் கம்ப்யூட்டரே படம் வரைந்து தருகிறது; இதையெல்லாம் ஏன் கற்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அழைப்பிதழுக்கு ஒரு படம் வேண்டும் என்றால் அப்படி வாங்கிக் கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் டம்ளரின் வாயை முதல் முறையாக உண்மையில் பார்த்தேன் என்று எனக்குத் தோன்றியதே, அது டைப் செய்து கிடைக்காது.

ஒவ்வொரு படத்தையும் ஒரு போல்டரில் சேர்த்து வையுங்கள். பைல் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்களைக் கொடுத்தால் அவை தாமாகவே கால வரிசையில் நிற்கும். மனம் தளரும் நாளில் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பாருங்கள். மூன்று மாதம் ஆகியும் எனக்கு இன்னும் குதிரை வரவில்லை. ஆனால் கால்கள் எங்கே மடங்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

போன வாரம் மகள் மறுபடி ஒரு யானை வரைந்து கொண்டு வந்தாள். டைப் செய்வதை நிறுத்திவிட்டு, கையில் வாங்கிப் பார்த்தேன். கால்கள் நான்கும் இருந்தன. தும்பிக்கை வளைவு நன்றாக வந்திருந்தது, அதைச் சொன்னேன். பிறகு, "வாலைக் காணோமே" என்றேன். சிரித்துக் கொண்டே பென்சிலை எடுத்துக் கொண்டு போனாள்.

உங்கள் வீட்டிலும் யாராவது படம் வரைந்து கொண்டு வந்தால், ஒரு நிமிடம் மவுஸை விட்டுவிட்டுப் பாருங்களேன்.