ஃப்ளைட் ஒரு மணி நேரம்தான்... யாருக்கு?

"டாக்டர், நீங்க எதுவும் பண்ண வேண்டாம். மதுரையில இருந்து சென்னை ஃப்ளைட்டுல ஒரு மணி நேரம்தான். அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடறோம்."

தென்மாவட்ட அரசு மருத்துவமனைகளில் நைட் டியூட்டி பார்க்கிற எங்களுக்கு இது பழகின வசனம். சொல்லும்போது மகன் கையில் டிக்கெட் ஆப். என் கையில் அப்பாவோட ஈசிஜி. இதய ரத்தக்குழாய் ஒண்ணு முழுசா அடைச்சிருக்குன்னு அது சொல்லுது.

சரிங்க, கணக்கே போடுவோம்.

மதுரை விமான நிலையத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் வான்வழியில் சுமார் 420 கி.மீ. பறக்கிற நேரம் ஒன்றேகால் மணி நேரம்னு வைங்க. ஆனா நோயாளி விமான நிலையத்திலா குடியிருக்கார்? உசிலம்பட்டியில் இருந்து பெருங்குடிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல. செக்-இன், செக்யூரிட்டி, காத்திருப்புன்னு இன்னொரு ஒன்றரை மணி நேரம். இறங்கி வெளியே வர அரை மணி. கிண்டி டிராஃபிக் தாண்டி ஆஸ்பத்திரி போய்ச் சேர முக்கால் மணி. மொத்தம் அஞ்சு மணி நேரம்! அதுவும் ஃப்ளைட் நமக்காகவே காத்திருந்தால்.

ரத்தம் போகாத இதயத் தசை 20 நிமிடத்துல இருந்து நிரந்தரமா சாக ஆரம்பிக்கும். ஆறு மணி நேரத்தில் அந்தப் பகுதியில் பெரும்பகுதி போயிடும். போனது திரும்ப வராது.

இன்னொண்ணு. விமானத்துக்குள்ள காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கிற மாதிரிதான். மாரடைப்பு வந்தவரை யாராவது கொடைக்கானல் மலை மேல ஏத்துவீங்களா?

"தானம் செஞ்ச இதயத்தையே ஃப்ளைட்டுல அனுப்புறாங்களே?"ன்னு ஒருத்தர் மடக்கினார். நல்ல கேள்வி. அந்த இதயம் நிறுத்தப்பட்டு, ஐஸ் பெட்டிக்குள்ள இருக்கு. ரெண்டு ஊர்லயும் போலீஸ் ரோட்டை காலி பண்ணிக் கொடுக்குது. அந்தப் பக்கம் ஆபரேஷன் தியேட்டர் தயாரா நிக்குது. இத்தனைக்கும் அதுக்குக் கெடு சுமார் நாலு மணி நேரம்தான். உங்க அப்பாவோட இதயம் ஐஸ்ல இல்லீங்க. அடைப்போடயே துடிச்சுக்கிட்டு இருக்கு.

அடைப்பைக் கரைக்கிற ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். தகுதியானவருக்கு, ஈசிஜி பார்த்த அரை மணி நேரத்துக்குள்ள போடணும். 2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாத்திரைகள் கொடுத்து அனுப்புறாங்க. அதுக்கப்புறம் 108-ல் பக்கத்து கேத் லேப். சென்னை போறதுன்னா, நிலைமை சீரான பிறகு உங்க டாக்டரைக் கேட்டுட்டுத் தாராளமா போங்க. யார் தடுத்தா?

எங்க பக்கமும் குறை இருக்கு, மறைக்கல. எல்லா அரசு மருத்துவமனையிலும் 24 மணி நேர கேத் லேப் கிடையாது. அதைக் கேட்டு சண்டை போடுங்க, நானும் வர்றேன். ஊருக்கு ஏர்போர்ட் கேட்கிற வேகத்துல பாதி போதும்.

போன மாசம் ஒரு மகன் நாற்பது நிமிஷம் வாக்குவாதம் பண்ணினார். கடைசியில் கையெழுத்துப் போட்டார். ஊசி போட்டோம். வலி குறைஞ்சது. ஆனா அந்த நாற்பது நிமிஷத்துல செத்த தசை, எக்கோவுல இன்னைக்கும் தெரியுது.