வடிகட்டிக்கு அரையடி ஒதுக்குங்கள்

கடலோர விவசாயிகள் சிலர் உபதொழிலாகக் கோமாளி மீன் வளர்க்க விரும்புகிறார்கள். விருப்பம் நல்லதே. ஆனால் தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கினால், போட்ட பணம் கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

3 அடி நீளம், 1 அடி அகலம், 1¼ அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி சுமார் 100 லிட்டர் பிடிக்கும். ஓர் ஓரத்தில் அரையடியைக் கண்ணாடித் தடுப்பால் பிரித்துவிட வேண்டும். நீர் தடுப்பின் மேல் வழிந்து, ஸ்பாஞ்சையும் கழுவிய சிப்பி ஓடுகளையும் கடந்து கீழே இறங்கும். அங்கிருந்து சிறு பம்பு அதைத் தொட்டிக்குத் திருப்பும். அரையடி வீண் என்று சிலர் முணுமுணுப்பார்கள். என் கருத்தில் தொட்டியின் உயிரே அந்த அரையடிதான்.

மீன் கழிவிலுள்ள அம்மோனியா மீனையே கொன்றுவிடும். சிப்பி ஓட்டில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. புன்செயில் இட்ட யூரியாவுக்கு மண்ணில் நடப்பதும் இதுவே. அவை பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை மீன் விடாமல், தினம் ஒரு சிட்டிகை தீவனம் மட்டும் போட்டு பம்பை ஓட்டி வாருங்கள்.

சிப்பி ஓட்டுக்குப் பதில் பவளப்பாறையைப் பெயர்க்கக் கூடாது. 2001 முதல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. மீனும் பொரிப்பகத்தில் பிறந்ததாக இருக்கட்டும்.

நீர் வற்றினால் நல்ல தண்ணீரையே ஊற்றுங்கள், உப்பு ஆவியாவதில்லை. வற்றுவது முதலில் வடிகட்டி அறையில் தெரியும். கவனியாவிட்டால் பம்பு எரிந்துவிடும்.