விதைநெல்லுக்குக் கையேந்தும் கமக்காரன்

வயலை உழுதான், வரம்பு கட்டினான், வாய்க்காலும் வெட்டினான். விதைநெல்லுக்கு மட்டும் ஆண்டுதோறும் அயலான் வீட்டு வாசலில் நிற்கின்றான். அத்தகைய கமக்காரனை ஊர் என்ன சொல்லும்? இந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சியின் நிலை இன்று அதுவே. வைத்தியசாலைகள் உள, நோயாளர் உளர், அறிவிலும் உழைப்பிலும் குறையாத இளைஞரும் உளர். ஆயின், ஆராயும் முறையைச் செப்பனிட முன்வரும் இளம் ஆய்வாளன் மூன்று ஆண்டுகள் கவலையின்றி உழைப்பதற்கு வேண்டிய நிதியை ஆட்சியாளர் தனியே ஒதுக்கக் காணோம். இதனைப் படித்தவர் சிலரின் உத்தியோகக் குறையென நாம் கருதவில்லை. இது உயிர்க் கணக்கு.

“முறையாவது, நிதியாவது! முதலில் மருந்தை வாங்குங்கள்” என்பார் உளர். மருந்து வேண்டாமென்று நாமும் சொல்லவில்லை. வாங்கிய மருந்து உயிரைக் காக்கின்றதா என்பதை எவ்வாறு அறிவது என்றே கேட்கின்றோம்.

அலரி விதை நஞ்சினால் எத்தனை குடும்பங்கள் அழுதன என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்நஞ்சுக்கு மருந்துக் கரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் உயிர் பிழைக்கும் என 2003ஆம் ஆண்டில் இலங்கை ஆய்வொன்று கூறிற்று. 401 பேரை இரு கூறாக்கி நோக்கியதில், தொடர்ந்து கரி பெற்றோருள் 5 பேரும், பெறாதோருள் 16 பேரும் இறந்தனர். நல்ல செய்திதான். ஆனால் 2008இல் வெளியான ஆய்வு, 4,600க்கு மேற்பட்டோரை நோக்கிற்று. அவர்களுள் 1,600க்கு மேற்பட்டோர் அலரி விதை உட்கொண்டோர். கரி பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் இறப்பில் கருதத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இரண்டு ஆய்வுகளும் நேர்மையானவை. இரண்டும் எம் நாட்டு நோயாளரிடத்தே நடந்தவை. ஆட்தொகை வேறு, கரி கொடுத்த இடைவெளி வேறு, முடிவும் வேறு. எதனைப் பின்பற்றுவது? நள்ளிரவில் நோயாளியின் கட்டிலருகே நிற்கும் வைத்தியருக்கு இக்கேள்வி ஏட்டுச் சுரைக்காயன்று. அதற்கு விடை தேடும் கலையே ஆராய்ச்சி முறையியல்.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். கமக்காரனின் காலடியிலேயே கிடக்கும் ஆபத்து இது. விஷமுறிவு மருந்தினால் நேரும் ஒவ்வாமையைத் தடுக்கவென ஹைட்ரோகோட்டிசோன், புரோமெதசீன் என்பன நெடுங்காலம் வழக்கத்தினாலேயே ஏற்றப்பட்டு வந்தன. 1,007 நோயாளரைக் கொண்டு இலங்கையில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு என்ன கண்டது? சிறிதளவு அட்ரினலின் கடும் ஒவ்வாமையைக் குறைத்தது. வழக்கமான அவ்விரு மருந்துகளும் குறைக்கவில்லை. அதற்கும் மேலாக, ஹைட்ரோகோட்டிசோனைச் சேர்த்தபோது அட்ரினலினின் பயனும் கெட்டது! பழக்கத்தை அறிவென்று கொண்டதன் விலை இது.

எண்ணிக்கையிலும் இதே கதைதான். வைத்தியசாலை ஏடுகளை நம்பியிராமல், நாடெங்கும் வீடு வீடாகச் சென்று 165,000க்கு மேற்பட்டோர் பற்றி விசாரித்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஆண்டொன்றில் ஏறத்தாழ 80,000 பாம்புக்கடிகளும் 400க்கு மேற்பட்ட மரணங்களும் நிகழ்வதாக அது மதிப்பிட்டது. ஏடுகளில் ஏறாத கடிகள் எத்தனை! எண்ணும் முறை பிழைத்தால் வைத்தியசாலைக்கு அனுப்பும் மருந்தின் அளவும் பிழைக்கும்.

இனி, பணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 2008இன் கரி ஆய்வை முன்னின்று நடத்தியவர் பிரித்தானிய மருத்துவர் மைக்கல் எடில்ஸ்டன். இலண்டனிலுள்ள வெல்கம் அறக்கட்டளை இளம் ஆய்வாளர்க்கென வழங்கும் நிதியே அவர்க்கு ஊன்றுகோலாயிற்று. அவர்பால் எமக்கு நன்றியுண்டு, பகையில்லை. ஆனால் எம் மண்ணின் நஞ்சை, எம் வைத்தியசாலைகளில், எம் நோயாளரைக்கொண்டு ஆராய்வதற்கு இலண்டன் மாநகரம் பணமனுப்ப வேண்டியிருந்ததே! அதனை எண்ணி ஆட்சியாளர் நாணியதுண்டா?

பிரித்தானியர் இதன் அருமையைப் பட்டறிந்தவர். 1947இல் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன்படுமா என அவர்தம் மருத்துவ ஆராய்ச்சிச் சபை சோதித்தபோது, 107 நோயாளரையும் வைத்தியரின் விருப்புக்கு விடாது, குலுக்கல் முறைபோல் பகுத்தது. ஆறு திங்களில் மருந்து பெற்ற 55 பேருள் இறந்தோர் 4. பெறாத 52 பேருள் 14. அம்முறையை வகுத்த பிராட்போர்ட் ஹில் மருத்துவரல்லர்; புள்ளிவிபர அறிஞர். இன்றும் அந்நாட்டில், ஆராய்ச்சி முறைகளைத் திருத்துவதற்கென்றே அரச நிதியில் தனித்திட்டம் நடைபெறுகின்றது. 1994இல் டக்ளஸ் ஓல்ட்மன் என்னும் புள்ளிவிபர அறிஞர், முறைகேடான மருத்துவ ஆய்வுகளைப் பெரும் அவக்கேடென இடித்துரைத்தபோது, அவரை எவரும் துரோகியென்று தூற்றவில்லை.

இங்கோ, ஆராய்ச்சி அனைத்துக்குமாகச் செலவாவது நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே. தேசிய ஆராய்ச்சிச் சபையும் தேசிய விஞ்ஞான மன்றமும் இருப்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் பானையில் இருந்தாலன்றோ அகப்பையில் வரும்? 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வைத்தியரும் விரிவுரையாளரும் கப்பலும் விமானமும் தேடிப் போயினர். அவர்களைப் பழிப்பது எளிது. தங்குவதற்கு எதனைக் கொடுத்தோம்?

தமிழ் பேசும் மக்களுக்கு இதில் வேறொரு நட்டமும் உண்டு. ஆய்வாளர் கேட்கும் வினா ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வகுக்கப்பெற்று, சொல்லுக்குச் சொல் தமிழாக்கப்பட்டால், கிளிநொச்சிக் கமக்காரனும் மலையகத் தோட்டத் தொழிலாளியும் அதனை எவ்வாறு விளங்கிக்கொள்வர்? “நெஞ்சு பதைக்கின்றது” என்பவன் இருதய நோயைச் சொல்கின்றானா, மனத்துயரைச் சொல்கின்றானா? வினா பிழைத்தால் விடை பிழைக்கும்; விடை பிழைத்தால் திட்டமும் பிழைக்கும். வடமத்திய மாகாணத்தில் 1990களிலேயே கண்டறியப்பட்டு, வவுனியா வரை கமக்காரரை வாட்டும் சிறுநீரக நோய்க்கு இன்றும் ஒருமித்த காரணம் கூறப்படவில்லை. நோயாளி யாரென்னும் வரைவிலக்கணமே ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டமை அதற்கு ஒரு காரணமன்றோ?

எனவே நாம் கேட்பது இதுவே. சுகாதார ஆராய்ச்சி முறைகளைத் திருத்துவதற்கென, இளம் ஆய்வாளர்க்கு மட்டும் உரிய தனிநிதி வேண்டும். ஒருவர்க்கு மூன்றாண்டுக்குக் குறையாமல் அது கிடைத்தல் வேண்டும். விண்ணப்பங்களை அறிஞர் சீர்தூக்க வேண்டும். அமைச்சரின் சிபார்சுக் கடிதம் அங்கே செல்லாக்காசாதல் வேண்டும். வினாக்கொத்துகள் தமிழிலும் தனியே சோதிக்கப்பெறல் வேண்டும். 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடமும் கிழக்குப் பல்கலைக்கழகமும் இதில் உரிய பங்கு பெறல் வேண்டும். முடிவு சாதகமாயினும் பாதகமாயினும், பொதுப்பணத்தில் நடந்த ஆய்வு பொதுமக்கள் முன் வைக்கப்படல் வேண்டும்.

எமது பாராளுமன்றப் பிரதிநிதிகள் அடுத்த வரவு செலவுத்திட்ட விவாதத்தில் இதனை எழுப்புவார்களா? எழுப்பாவிடின், வாக்குக் கேட்டு வரும் நாளில் வைத்தியரும் ஆசிரியரும் கமக்காரரும் இக்கேள்வியை அவர்கள் முன் வைக்கட்டும். பாம்பு கட்சி பார்த்துக் கடிப்பதில்லை.