மண்ணின் மலரும் மண்ணின் தேனீயும்

புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றுக்கு அப்பால், கடலோரத்தில் வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊர் உள்ளது. ஆடித் திங்களில் நிகழும் தேர்த் திருவிழாவால் பெயர் பெற்றது அவ்வூர். அங்குக் கோயில் கொண்டிருக்கும் அன்னைக்குச் செங்கழுநீர் அம்மன் என்று பெயர். செங்கழுநீர் என்பது ஒரு நீர்ப்பூ. தெய்வத்தையே பூவின் பெயரால் அழைத்த நம் முன்னோர், பூவை நாடி வரும் சிற்றுயிர்களையும் நன்கு அறிந்திருந்தனர். வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு எனச் சங்கப் புலவர்கள் அவற்றுக்குப் பல பெயர்கள் வழங்கினர். இன்று நமக்குத் தேனீ என்ற ஒரு சொல்லே போதுமானதாகி விட்டது. அச்சொல்லைக் கேட்டவுடன் பெட்டியும் தேன் புட்டியுமே நம் நினைவுக்கு வருகின்றன.

உண்மை அத்துணைச் சுருங்கியதன்று. உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உள்ளன. மிகச் சிலவே மனிதர் உண்ணும் அளவுக்குத் தேனைச் சேர்த்து வைப்பவை. நம் நாட்டில் மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ ஆகிய நான்கும் கூட்டமாய் வாழ்ந்து தேன் சேர்க்கின்றன. இவற்றுக்கு அப்பால், அரசியும் இல்லாமல் படையும் இல்லாமல் தனித்து வாழும் தேனீக்களே மிகப் பல. தாய்த்தேனீ ஒன்றே கூடு அமைத்து, உணவு சேர்த்து, முட்டையிட்டு மறைகிறது. நமக்குத் தேன் தரவில்லை என்பதற்காக அதனைப் பயனற்றது என்று கருதலாமா?

எருக்கஞ்செடியைப் பாருங்கள். கடற்கரை மணலில் கேட்பாரின்றி வளரும் செடி அது. அதன் மகரந்தம் பொடியாக உதிர்வதில்லை. சிறு பொதிகளாக மலரின் பிளவுகளுக்குள் ஒட்டிக் கிடக்கிறது. தேன் பருக வரும் பெரிய கருவண்டின் கால் அப்பிளவில் நுழையும்போது பொதி காலில் ஒட்டிக்கொள்கிறது. மற்றொரு மலரில் சென்று சேர்கிறது. நாம் வண்டு என்றழைக்கும் அதுவும் தேனீ இனமே. காய்ந்த மரத்தைத் துளைத்துக் கூடு அமைப்பதால் அதனைத் தச்சுத்தேனீ என்பர்.

கத்திரி, ஆவாரை ஆகியவற்றின் மகரந்தப் பைகளோ நுனியில் மட்டும் சிறு துளை உடையவை. அவற்றைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்யும் தேனீயே மகரந்தத்தை நன்கு உதிர்க்க வல்லது. பெட்டியில் வளரும் தேனீ இவ்வித்தையை அறியாது. தச்சுத்தேனீயும், வயிற்றில் நீலக் கோடுகள் தாங்கிய நீலவரித் தேனீயும் அறியும். கத்திரி தன் மகரந்தத்தாலேயே ஓரளவு காய்க்கும் என்பது மெய்யே. ஆயின், இத்தேனீக்கள் வந்து சென்றால் காய்ப்பு மிகுகிறது. நம் வீட்டுக் குழம்பிலும் இவற்றின் உழைப்பு கலந்திருக்கிறது.

இவற்றுக்கு வேண்டுவன இரண்டே: உணவும் உறைவிடமும். சிறிய தேனீக்கள் கூட்டிலிருந்து சில நூறு மீட்டர் தொலைவுக்குள்ளேயே இரை தேடுகின்றன. அவ்வெல்லைக்குள் மலர் இல்லையேல் அவற்றுக்கு வாழ்வு இல்லை. ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு மலர் மலர்ந்திருத்தல் வேண்டும். புன்னை, புங்கு, பூவரசு, நொச்சி, அடும்பு, தும்பை என ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும் நம் நாட்டுச் செடிகள் அத்தேவையை நிறைவேற்றி வந்தன. மண்சுவரும், வெற்று நிலமும், பட்ட மரமும் உறைவிடம் அளித்தன. இன்று நாமோ தரையெல்லாம் சிமெண்டு பூசுகிறோம். காய்ந்த கிளையைக் குப்பை என்று எரிக்கிறோம். புதரை வெட்டித் தூய்மை என்கிறோம்.

கடற்கரைகளில் சவுக்கை மட்டுமே வரிசையாக நடும் வழக்கத்தையும் இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையில் பல இடங்களில் சவுக்கு நடப்பட்டது. சவுக்கு விரைந்து வளரும், காற்றைத் தடுக்கும், விறகும் கழியும் தரும். ஏழை மக்களுக்கு அது பெருந்துணை. அதனைப் பழித்தல் முறையன்று. ஆயினும், காற்றினால் மகரந்தச் சேர்க்கை பெறும் அம்மரத்தின் பூவில் தேன் இல்லை. சவுக்கு மட்டுமே நிற்கும் தோப்பு, தேனீக்குப் பந்தி இல்லாத பந்தல் போன்றது. சவுக்கோடு புன்னையும் பூவரசும் கலந்து நட்டால் காற்றும் தடைப்படும், தேனீயும் பிழைக்கும். புன்னைக்கொட்டையின் எண்ணெய் விளக்கெரிக்கவும் படகுக்குப் பூசவும் பயன்பட்டது என்பதைக் கடலோர முதியோர் அறிவர்.

இஃது இயலுமா என்று ஐயுறுவோர் புதுச்சேரியின் வடபுறத்தைக் காணலாம். 1968-இல் தொடங்கப்பெற்ற ஆரோவில்லில் அக்காலத்து நிலம் அரிப்புண்ட செம்மண் மேடு. தொடக்கத்தில் அங்கு அயல்நாட்டு மரங்களும் மிகுதியாக நடப்பட்டன. அவை நிழல் தந்த பின்னர், இக்கடற்கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் மரங்களை நட்டு வளர்த்தனர். அக்காட்டின் எச்சம் ஒன்று, சற்று வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காடாக இன்றும் நிற்கிறது. கோடரி நுழையக் கூடாது என்று ஊரார் கொண்ட அச்சமும் அன்பும் அதனைக் காத்தன. அச்சம் குறைந்துவரும் இக்காலத்தில் அறிவு அப்பணியை ஏற்க வேண்டும்.

மாணவர்களே, இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டா. பள்ளித் தோட்டத்தில் வெயில் படும் ஒரு மூலையைக் கொத்தாமலும் பூசாமலும் விட்டு வையுங்கள். அங்கே பட்ட மரத்துண்டு ஒன்றைக் கிடத்துங்கள். ஆவாரையும் நொச்சியும் தும்பையும் வளரட்டும். பூச்சிமருந்து அங்கு வேண்டா. எந்த மாதத்தில் எந்தப் பூ மலர்கிறது, எந்தத் தேனீ வருகிறது என்று குறித்து வாருங்கள். பூ இல்லாத மாதம் எது என்பதை அக்குறிப்பே காட்டிவிடும். அடுத்த மழைக்காலத்தில் நட வேண்டிய செடி எது என்பது அப்போது உங்களுக்கே விளங்கும்.