குப்பைக் கட்டணம்: கணக்குக் கேட்பது யார்?

பெங்களூரு மாநகரில் வீட்டுக் குப்பையை அகற்றுவதற்கு 2025 ஏப்ரல் 1 முதல் மாதக் கட்டணம் விதிக்கப்பட்டது. கட்டிடப் பரப்பு 600 சதுர அடி வரை மாதம் 10 ரூபாய். 4,000 சதுர அடியைத் தாண்டினால் 400 ரூபாய். அதற்குமேல் மாளிகை எவ்வளவு பெரிதானாலும் கட்டணம் உயராது. இத்தொகை சொத்துவரியுடன் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. உரிமையாளர் செலுத்தும் தொகை விரைவிலேயே வாடகையில் ஏறும் என்பது குடியிருப்போர் அனைவரும் அறிந்ததே. திடக்கழிவு மேலாண்மைக்கென ஒரு கூடுதல் வரி சொத்துவரிச் சீட்டில் முன்பே இடம்பெற்றிருந்த நகரம் அது. ஒரே பணிக்கு இருமுறை பணம் பறிப்பதற்கு வேறு பெயர் என்ன?

இந்தக் கட்டணம் விதிக்கப்பட்ட முறை அதனினும் கவலைக்குரியது. பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் தேர்தலே நடத்தப்படாமல் அதிகாரிகளின் நிர்வாகம் தொடர்ந்தது. குப்பை அகற்றும் பணியும் மாநகராட்சியிடமிருந்து ஒரு நிறுவனத்தின் கைக்கு மாற்றப்பட்டது. கட்டணத்தின் அளவை விவாதிக்கவும், வரவுசெலவைத் தணிக்கை செய்யவும், வண்டி வராத தெருவுக்காகக் குரல் கொடுக்கவும் ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லாத வேளையில்தான் இந்தச் சுமை மக்கள் தலையில் ஏற்றப்பட்டது.

மன்றம் இருந்த தில்லியிலும் நிலைமை மாறுபடவில்லை. அதே ஏப்ரலில் சொத்துவரியுடன் குப்பைக் கட்டணமும் சேர்க்கப்பட்டபோது, மாமன்றத்தின் ஒப்புதல் பெறப்படவில்லை என்று மேயரே ஆட்சேபம் தெரிவித்தார்.

இது ஓரிரு நகரங்களின் தனிப் பிரச்சனையன்று. ஒன்றிய அரசின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை உண்டாக்குவோர் அனைவரும் பயனர் கட்டணம் செலுத்த வேண்டும் என்று வகுத்தன. கொரோனா பெருந்தொற்றால் மாநிலங்கள் நிதியின்றித் தவித்த 2020 மே மாதத்தில், கூடுதல் கடன் பெற ஒன்றிய அரசு விதித்த நிபந்தனைகளுள் சொத்துவரிக்கும் குடிநீர், கழிவுநீர்க் கட்டணங்களுக்கும் குறைந்தபட்ச விகிதம் நிர்ணயிப்பதும் ஒன்று. அடிப்படைச் சேவைகளை விலைப் பொருளாக்கும் நவதாராளவாதக் கொள்கையே இவையனைத்தின் வேர். பொதுச் சுகாதாரமும் திடக்கழிவு மேலாண்மையும் அரசமைப்புச் சட்டத்தின் 12ஆவது அட்டவணைப்படி நகராட்சிகளுக்குரிய பொறுப்புகள். பொறுப்பை நகராட்சியிடமும் நிதியைத் தன்னிடமும் வைத்துக்கொண்டு, இடைவெளியை மக்களின் பையிலிருந்து நிரப்பச் சொல்கிறது ஒன்றிய அரசு.

வசூலாகும் பணம் குப்பையைச் சுமப்பவர் கைக்காவது போகிறதா? வீடுதோறும் வரும் வண்டிகளின் ஓட்டுநர்களும் உதவியாளர்களும் பெரும்பாலான நகரங்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களே. குறைந்தபட்ச ஊதியம், வைப்புநிதி, கையுறை, காலணி ஆகிய ஒவ்வொன்றுக்கும் அவர்கள் போராட வேண்டியிருக்கிறது. கட்டணம் கூடுகிறது, ஒப்பந்த முறை அப்படியே நீடிக்கிறது.

கேரளத்திலும் கட்டணம் இல்லையா என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. அங்கே குடும்பஸ்ரீயின் வழியே உருவான ஹரித கர்ம சேனையின் பெண்கள் மக்காத குப்பையை வீடுதோறும் சேகரிக்கின்றனர். மக்கள் தரும் தொகை அவர்களது வருவாயாகிறது. உள்ளாட்சி மன்றம் மேற்பார்வையிடுகிறது. ஒப்பந்ததாரரின் லாபத்துக்கான வசூலும் இதுவும் ஒன்றல்ல. எனினும், வறிய குடும்பங்களுக்கு விலக்கு உண்மையிலேயே கிடைக்கிறதா என்ற கண்காணிப்பு எங்கும் தளரக் கூடாது.

ஆந்திரத்தில் 2021இல் வந்த குப்பை வரி, இடதுசாரிக் கட்சிகளும் மக்களும் நடத்திய தொடர் போராட்டங்களைச் சந்தித்து, 2024இல் ஆட்சி மாறியபின் ரத்தானது. அந்த அனுபவம் வழிகாட்டுகிறது. உழைக்கும் மக்களின் வீடுகளுக்கு இக்கட்டணம் ரத்து செய்யப்பட வேண்டும். வணிக வளாகங்களும் பெருநிறுவனங்களும் அவை உண்டாக்கும் குப்பைக்கு உரிய பங்கைச் செலுத்த வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் ஒப்புதலின்றி எந்தக் கட்டணமும் விதிக்கப்படலாகாது. வரவும் செலவும் வார்டுவாரியாக மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். தூய்மைப் பணியாளர்கள் நிரந்தரமாக்கப்பட வேண்டும். குடியிருப்போரையும் தூய்மைப் பணியாளர்களையும் ஒரே அணியில் திரட்டும் கடமை ஒவ்வொரு கிளைக்கும் உண்டு.