வலிக்காது, சிவக்காது, தண்ணீர் வடியாது... விழித்திரை கெடுவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மளிகைக் கடை நடத்தும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வயது 52. பன்னிரண்டு வருடங்களாகச் சர்க்கரை. காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை, பண்டிகை வந்தால் மட்டும் கொஞ்சம் இனிப்பு. ஒரே வருடத்தில் இரண்டு முறை கண்ணாடியை மாற்றிவிட்டார். அப்படியும் கணக்கு நோட்டில் எழுத்து தெளியவில்லை. ‘கண்ணாடிக் கடையில பவர் சரியா பார்க்கலை’ என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, ஒருநாள் காலையில் எழுந்தபோது வலது கண்ணுக்கு முன்னால் கறுப்பு மை கொட்டியதுபோல் இருந்தது. வலி துளியும் இல்லை. அன்றைக்குத்தான் முதன்முறையாக அவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, உள்ளே விழித்திரையைப் பார்க்கிறார்கள்.

ரெட்டினா பிரிவு இருக்கும் எந்தக் கண் மருத்துவமனையிலும் இந்தக் கதை ஆள் மாறி, ஊர் மாறி வந்துகொண்டே இருக்கிறது.

கையில் இருக்கும் போனையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கேமராவுக்கு முன்னால் லென்ஸ். உள்ளே படத்தை வாங்கிக்கொள்ளும் சென்சார். கண்ணில் அந்த சென்சாரின் வேலையைச் செய்வது விழித்திரை. சென்சார் பழுதானால் லென்ஸை எத்தனை முறை மாற்றினாலும் படம் சரியாக வராது. விழித்திரையில் வலியை உணரும் நரம்புகளும் கிடையாது. ‘மெட்ராஸ் ஐ’ வந்தால் ஊருக்கே தெரிகிறது. விழித்திரை கெட்டால் கண்ணுக்கு உரியவருக்கே தெரிவதில்லை. போதாக்குறைக்கு, ஒரு கண் மங்கினால் இன்னொரு கண் ஈடுகட்டிவிடும். குளிக்கும்போது ஒரு கண்ணில் சோப்பு பட்டு மூட நேர்ந்து, ‘அய்யோ, இந்தக் கண்ணுல ஒண்ணுமே தெரியலையே’ என்று கண்டுபிடித்தவர்கள் உண்டு.

சர்க்கரை கண்ணுக்குள் என்ன செய்கிறது?

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்குப்படி, இந்தியாவில் சர்க்கரைநோய் உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் கூடியே இருந்தால், விழித்திரையின் மெல்லிய ரத்தக்குழாய்கள் முதலில் பலவீனமாகி நீர் கசிய ஆரம்பிக்கும். எழுத்துகளையும் முகங்களையும் துல்லியமாகக் காட்டும் மையப்பகுதியான ‘மேக்குலா’வில் அந்த நீர் தேங்கினால் பார்வை மங்கும். கண்ணாடிக்கு அடங்காத மங்கல் இது. அடுத்த கட்டத்தில் சில ரத்தக்குழாய்கள் அடைத்துக்கொள்ளும். ரத்தம் கிடைக்காத பகுதிக்காகப் புதிய ரத்தக்குழாய்கள் முளைக்கும். ஆனால், அவை நூலாம்படைபோல வலுவில்லாதவை. ஒருநாள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். மளிகைக் கடைக்காரர் பார்த்த கறுப்பு மை அதுதான்.

‘எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது, எதுக்கு டெஸ்ட்?’ என்று கேட்காதவர் குறைவு. நன்றாகத் தெரியும்போதே பார்ப்பதற்காகத்தான் அந்த டெஸ்ட். டைப் 2 சர்க்கரை என்று தெரிந்த உடனேயே விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். காரணம், நோய் இருப்பது ரத்தப் பரிசோதனையில் தெரியவரும் முன்பே அது சில வருடங்கள் உடம்பில் ஒளிந்திருந்திருக்கலாம். அதன்பிறகு பொதுவாக வருடத்துக்கு ஒரு முறை. டைப் 1 என்றால், நோய் வந்து ஐந்து வருடங்களுக்குள் முதல் பரிசோதனை. ஏற்கெனவே சர்க்கரைநோய் உள்ள பெண் கருத்தரித்தால் முதல் மூன்று மாதங்களிலேயே பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் விழித்திரை பாதிப்பு வேகம் பிடிக்கக்கூடும்.

பரிசோதனை எளிதானது. சொட்டு மருந்து விட்டு, அரைமணி நேரம் போலக் காத்திருந்தால் கண்ணின் பாவை விரியும். மருத்துவர் விளக்கொளியில் உள்ளே பார்ப்பார். தேவைப்பட்டால் ‘ஓ.சி.டி’ எடுப்பார்கள், தாடையை ஒரு தாங்கியில் வைத்துச் சில நிமிடங்கள் உட்கார்ந்தால் போதும், விழித்திரையின் அடுக்குகள் திரையில் தெரிந்துவிடும். சொட்டு மருந்தின் மங்கல் சில மணி நேரம் இருக்கும் என்பதால் பைக்கில் தனியாகப் போகக் கூடாது. ஒரு கூலிங் கிளாஸும், கூட ஓர் ஆளும் வேண்டும். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்ததை இந்தப் பரிசோதனையின் கணக்கில் சேர்க்க முடியாது.

விழித்திரைப் படத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கக் கணினிக்கும் பழக்கியிருக்கிறார்கள். 2016-ல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளியான கூகுள் ஆய்வாளர்களின் ஆய்வில், மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் விழித்திரைப் படங்களும் பயன்பட்டன.

கண்ணில் ஊசியா?

விழித்திரை சிகிச்சையில் பலரையும் ஓடவைக்கும் வார்த்தை இது. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, கண்ணின் வெள்ளைப் பகுதி வழியாக மெல்லிய ஊசியால் மருந்து செலுத்துவார்கள். சில விநாடி வேலை. ரத்தக்குழாய் கசிவையும் புதுக்குழாய் முளைப்பதையும் அது அடக்கும். ஒரு ஊசியோடு முடிந்துவிடாது. ஆரம்பத்தில் மாதம் ஒன்று என்று சில ஊசிகள், பிறகு கண் சொல்வதைப் பொறுத்து. செலவு மலைக்க வைத்தால் மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேட்கலாம். புற்றுநோய்க்கு வந்த ‘பெவாசிஸுமாப்’ என்ற மருந்தைக் கண்ணுக்கும் பயன்படுத்துகிறார்கள். மற்ற ஊசிகளைவிட விலை மிகக் குறைவு. ஊசி போட்ட அடுத்த சில நாள்களில் வலி, சிவப்பு, பார்வை மங்கல் கூடிக்கொண்டே போனால் அன்றே திரும்பிப் போக வேண்டும். அரிதாகத்தான் வரும், ஆனால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம்.

லேசரைப் பற்றியும் ஒரு தவறான எதிர்பார்ப்பு உண்டு. ‘லேசர் பண்ணியும் பார்வை கூடலையே’ என்று வருத்தப்படுகிறவர்கள், அது இருக்கும் பார்வையைக் காப்பாற்றச் செய்தது என்பதை யாரும் விளக்காததால்தான் வருத்தப்படுகிறார்கள். விளக்க வேண்டியது மருத்துவமனையின் கடமை. பொன்னாங்கண்ணிக் கீரையும் கேரட்டும் தாராளமாகச் சாப்பிடலாம். கசியும் ரத்தக்குழாயை அவை அடைக்காது. வாட்ஸ்அப்பில் சுற்றும் கண் பயிற்சிகளும் அப்படித்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் கட்டுக்குள் வைக்காமல் ஊசி மட்டும் போட்டுக்கொள்வது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைக்கிற கதை.

இதற்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் காத்திருக்காதீர்கள்

சர்க்கரையே இல்லாதவர்களுக்கும் வரும் ஆபத்து, விழித்திரை விலகல். கண்ணுக்கு முன்னால் ஒன்றிரண்டு கொசுக்கள் மிதப்பதுபோல் பல வருடங்களாகத் தெரிந்தால் பெரும்பாலும் பயமில்லை. திடீரென்று கொசுக்கூட்டமே மிதந்தால், இருட்டில் ஓரமாக மின்னல் வெட்டினால், ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவதுபோல் இருந்தால் அன்றே ரெட்டினா மருத்துவரைப் பார்க்க வேண்டும். கல்யாண வீடு முடியட்டும், திங்கள்கிழமை வரட்டும் என்று தள்ளுவதில்தான் பார்வை போகிறது. மேக்குலா விலகுவதற்கு முன் வந்துவிட்டால் பழைய பார்வையையே காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்; அதுவும் விலகிய பிறகு வந்தால், அறுவை சிகிச்சை வெற்றி பெற்றாலும் பார்வை முழுதாகத் திரும்பாமல் போகலாம். இன்னும் முன்னதாக, கிழிசல் மட்டும் விழுந்த நிலையில் வந்தால் லேசரால் சுற்றிலும் ஒட்டி அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர்கள், கண்ணில் பந்தோ கம்போ பட்டவர்கள், கண்புரை அறுவை சிகிச்சை செய்தவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இது வந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ‘எனக்குத்தான் லேசிக் பண்ணியாச்சே’ என்று சொல்லும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: லேசிக் கண்ணாடியைத்தான் கழற்றுகிறது. நீண்டுபோன கண்ணும் மெலிந்த விழித்திரையும் உள்ளே அப்படியேதான் இருக்கின்றன.

அறுவை சிகிச்சையில் சிலருக்குக் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைப்பார்கள். மருத்துவர் சொல்லும் நாள்வரை குப்புறப் படுப்பது போன்ற நிலையில் தலையை வைத்திருக்க வேண்டிவரலாம். குமிழி கரையும்வரை விமானம் கூடாது. ஊட்டி, கொடைக்கானலும் கூடாது. உயரம் ஏற ஏற வாயு விரிந்து கண்ணின் அழுத்தம் எகிறும். தொண்டைக்கோ வயிற்றுக்கோ வேறு அறுவை சிகிச்சை வந்தால், மயக்க மருந்து தருபவரிடமும் இதைச் சொல்லியாக வேண்டும்.

வீட்டில் 50 வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் ஒரு சின்ன சோதனை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியையோ, குளியலறை டைல்ஸ் கோட்டையோ பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மற்றொரு கண். நேரான கோடு வளைந்தோ நடுவில் அழிந்தோ தெரிந்தால் மேக்குலாவைப் பரிசோதிக்க வேண்டும். அதேபோல, குறைமாதத்தில் அல்லது 2 கிலோவுக்கும் குறைவான எடையில் பிறந்த குழந்தைக்கு 30 நாள்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை அவசியம். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்பே. டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

மளிகைக் கடைக்காரரின் வலது கண்ணில் ரத்தம் தானாகக் கரைகிறதா என்று பார்ப்பார்கள். கரையாவிட்டால் ‘விட்ரெக்டமி’ அறுவை சிகிச்சை. அதற்கு முன்பாக இன்னொரு வேலை இருக்கிறது. அவருடைய இடது கண்ணுக்குக் கடைசி வரி எழுத்துவரை தெரிகிறது. ஆனாலும் உள்ளே புதிய ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கின்றன. முதல் லேசர் அந்தக் கண்ணுக்குத்தான்.